அழைப்பவர் யார்: சென்னை சங்கமமும் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவும்

பெசன்ட் நகரில் 29சி பேருந்தை விட்டிறங்கி எலியட்ஸ் கடற்கரையில் வந்து நின்றால் வலக்கைப் பக்கம் வேளாங்கண்ணி மாதா கோயில், அதையும் தாண்டி அஷ்டலட்சுமி கோயில். மணலில், 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம். இடக்கைப் பக்கமாக அடையாற்று முகத்துவாரத்தை நோக்கி நடக்க நடக்க பஜ்ஜிக் கடைகள் குறைந்துகொண்டே வரும். படகும் வலையும் கண்ணில் படத் தொடங்கும். அதுதான் ஊரூர் ஆல்காட் குப்பம். சற்று நேர நடைக்குள் அடங்கிவிடும் இந்தக் கரையில், கலையை அரங்குக்குள்ளிருந்து வெளியே கொண்டுவருகிறோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு விழாக்கள் நடந்திருக்கின்றன. சென்னை சங்கமத்துக்கு எலியட்ஸ் கடற்கரை பல மேடைகளில் ஒன்று. குப்பம் விழா குப்பத்துக்குள்ளேயே, எல்லையம்மன் கோயிலை ஒட்டி நடந்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றியதற்குக் காரணம், இரண்டுமே நல்ல விழாக்கள் என்பதுதான். ஒன்று மோசமாக இருந்தால் ஒப்பிட அங்கே என்ன இருக்கிறது?

இரண்டுக்கும் பின்னணியில் நிற்பது டிசம்பர் சீசன். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனுடன் ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி உருவானது. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்று மயிலாப்பூரும் தியாகராய நகரும் மார்கழி முழுக்க அனுபவிக்கும் சங்கீத சீசன். சபா வாசலில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. மத்தியானக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்கூடக் கிடையாது. இருந்தும் வியாசர்பாடியிலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ ஒரு குடும்பம் கிளம்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவதில்லை. உள்ளே போனால் யார் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது வாசலிலேயே தெரிந்துவிடுகிறது. பூட்டில்லாத கதவு இப்படியும் வேலை செய்யும்.

சங்கமம் 2007இல் தொடங்கியது. கவிஞர் கனிமொழியின் முன்முயற்சி அது. பாதிரியார் ஜெகத் கஸ்பர் ராஜின் தமிழ் மையமும் மாநில அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறையும் சேர்ந்து நடத்தின. பூங்கா, கடற்கரை, மைதானம் என்று நகரமெங்கும் மேடை போட்டு, கரகம், ஒயில், தப்பு, பொய்க்கால் குதிரை, தேவராட்டம், சிலம்பம் என்று மாவட்டங்களிலிருந்து கலைஞர்களைக் கூட்டிவந்தார்கள். முதல் ஆண்டுகளில் இலக்கிய அரங்கும் பூங்காக் கச்சேரியும்கூட உண்டு. கிராமத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஆட்டத்துக்கு நின்ற கூட்டத்துக்குக் குறையாத கூட்டம் நின்றது. 2011இல் ஆட்சி மாறியதும் விழா நின்றது. 2023 பொங்கலுக்குத்தான் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில் கலை பண்பாட்டுத் துறை அதை மறுபடி எடுத்தது. தீவுத்திடலில் முதலமைச்சர் தொடங்கிவைக்க, ராயபுரம் ராபின்சன் மைதானம், தியாகராய நகர் நடேசன் பூங்கா, அண்ணாநகர் கோபுரப் பூங்கா, எலியட்ஸ் கடற்கரை என்று மேடைகள் மறுபடி விரிந்தன.

குப்பம் விழா 2015இன் தொடக்கத்தில் ஆரம்பித்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன், குப்பத்து ஆட்கள், தன்னார்வலர்கள் என்று ஒரு சிறு கூட்டம். பெரிய நிறுவனத்தின் பணம் வேண்டாம் என்று ஆங்காங்கே நன்கொடை திரட்டி நடத்தினார்கள். கர்நாடக இசை, பரதநாட்டியம், கட்டைக்கூத்து, வில்லுப்பாட்டு, பறை எல்லாம் ஒரே மேடையில், ஒரே மாலையில். முதலில் ‘மார்கழி விழா’ என்றுதான் பெயர் வைத்தார்கள். பிறகு மார்கழி உதிர்ந்தது. பின்னாளில் குப்பத்தைத் தாண்டியும் போக வேண்டியிருந்ததால் ‘சென்னை கலைத் தெரு விழா’ என்றானது.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் நேரெதிர்த் திசையில் போகின்றன. சங்கமம் கிராமத்துக் கலையை நகரத்துக்கு ஓட்டிவருகிறது. குப்பம் விழா சபாக் கலையைக் குப்பத்துக்குக் கூட்டிப்போகிறது. பத்திரிகைகள் அன்று எழுதியது பெரும்பாலும் இந்தக் கோணத்தில்தான். எனக்கு இது அரைகுறையான பார்வையாகப் படுகிறது. எந்தக் கலை எங்கே போனது என்பதைவிட, யார் வீட்டு விசேஷத்துக்கு யார் விருந்தாளியாகப் போனார்கள் என்று பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. சங்கமத்தில் அழைப்பது அரசு. அண்ணாநகர்க்காரரும் விருந்தாளி, ஆட வந்த கலைஞரும் விருந்தாளி. குப்பம் விழாவில் அழைப்பது குப்பம், அல்லது குப்பத்தை அழைக்கும் நிலையில் வைக்க முயன்ற ஒரு குழு. அடையாறு, மயிலாப்பூர்க்காரர்கள் அங்கே வந்து, செருப்பைக் கழற்றி, அவர்கள் விரித்த பாயில் உட்கார வேண்டும். முன்வரிசையைக் குப்பத்துப் பிள்ளைகள் முதலிலேயே பிடித்துவிட்டிருக்கும்.

சங்கமத்தின் மேடைகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அதன் பெருமையும் சிக்கலும் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் ராத்திரி பத்து மணிவாக்கில் தொடங்கி விடிய விடியக் கூத்து நடக்கும். அரிதாரம் பூசி, கட்டையில் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி முடிக்கவே மணிக்கணக்காகும். கட்டியங்காரன் வந்து ஊர் வம்பு பேசி, திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாடி, திரை விலகி அவர் முழுதாகச் சுழன்று ஆடுவதற்குள் குழந்தைகள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடும். இதே கூத்துக்குப் பூங்கா மேடையில் கிடைப்பது இருபது நிமிடம், சில சமயம் அதுவும் இல்லை. துரியோதனன் பிரவேசம் முடிவதற்குள் அடுத்த குழு படிக்கட்டில் நிற்கிறது. பார்க்கிறவர் வண்ணத்தையும் வேகத்தையும் பார்த்துவிட்டுப் போவார். கதை அவருக்குப் போய்ச் சேராது. தென் மாவட்டத்துக் கணியான் கூத்தின் நிலைமை இதைவிடச் சங்கடம். அது சுடலைமாடன் கோயில் கொடை விழாவோடு சேர்ந்தது. அண்ணாவி பாட, மகுடம் என்னும் தோல்வாத்தியம் அதிர, பெண் வேடமிட்டவர்கள் ஆட, சாமியும் பேயும் வந்திறங்கும் நேரம் அது. கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கும் சடங்கும் அந்தக் கொடையில் உண்டு. அதை மாலை ஏழரை மணிக்கு, ஐஸ்கிரீம் கையோடு நிற்கும் கூட்டத்துக்கு முன்னால் ஆடும்போது மிஞ்சுவது தாளமும் குரலும்தான். அவை மட்டுமே கேட்டாலும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் கொடையில் நிற்கிறவர் கேட்பது வேறு.

மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். பறையோ மகுடமோ, வாசிப்பதற்கு முன் தோலை நெருப்பில் காய்ச்ச வேண்டும். ஊரில் வைக்கோலையும் சருகையும் கொளுத்திச் சுற்றி நின்று காய்ச்சுவார்கள். விரல் நுனியால் தட்டிக் காதருகே வைத்துப் பார்ப்பார்கள். பத்தாவிட்டால் மறுபடி காய்ச்சுவார்கள். வரப்போகும் ஆட்டத்துக்கு ஊரைக் கூட்டுவதும் அந்த நெருப்புதான். புல்வெளி வளர்த்த பூங்காவில் அதற்கு இடம் தேட வேண்டும், காவலாளியிடம் சொல்ல வேண்டும். பிறகு வேலி ஓரமாக, யாரும் பார்க்காத மூலையில் காய்ச்சிக்கொண்டு மேடைக்கு ஓடிவருவார்கள். ஆட்டத்தின் முதல் காட்சியே பார்வையாளர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இதையெல்லாம் வைத்து, நாட்டார் கலையைக் காட்சிப் பொருளாக்கிவிட்டார்கள் என்று சங்கமத்தைத் தள்ளிவிடும் பேச்சு ஒன்று உண்டு. அதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் அதிகம். கரகாட்டக் கலைஞரின் ஆண்டுக் கணக்கு வேறு. கோயில் திருவிழா நடக்கும் மாதங்களில் மட்டும் வேலை. மற்ற மாதங்களில் களையெடுக்கவோ கட்டட வேலைக்கோ போக வேண்டும். திருவிழாவிலும் காசு பேசியபடி கைக்கு வருவது நிச்சயமில்லை. ‘ஆடல் பாடல்’ நிகழ்ச்சிக்குக் காவல்துறை அனுமதி மறுத்து, விழாக் குழு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் நிபந்தனைகளோடு அனுமதி வாங்கிவருவது தென் மாவட்டங்களில் வாடிக்கை. கரகத்தின் மேல் விழுந்த ஆபாசப் பட்டம் ஆடுகிற பெண்ணின் தலையில்தான் விடிகிறது. அதே பெண்ணை அரசே அழைத்து, போக்குவரத்து, தங்குமிடம், உடை, சம்பளம் எல்லாம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு முன் நிறுத்துகிறது. பறைக்கும் அப்படித்தான். சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கியதை அமைச்சர்கள் எழுந்து நின்று கைதட்டும் மேடையில் ஏற்றுவதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. சங்கமம் பிறந்த அதே 2007இல்தான் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியமும் வந்தது. கலையின் சூழல் கெட்டது உண்மை, கலைஞரின் வயிறு நிறைந்ததும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது நியாயமில்லை.

குப்பம் விழாவின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அந்த இடத்தின் பழைய கதை கொஞ்சம் வேண்டும். பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றங்கரைக்கு வந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக 1894இல் இலவசப் பள்ளி திறந்தார். குப்பத்தின் பெயரில் இருப்பது அவர்தான். 1936இல் ருக்மிணி தேவி அந்தச் சபையின் தோட்டத்தில்தான் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். சதிர் என்று பெயர் கெட்டுப்போயிருந்த ஆட்டம், மேல்தட்டு வீட்டுப் பெண்கள் கற்கும் பரதநாட்டியமாகத் துலங்கியதில் அந்தத் தோட்டத்துக்குப் பங்கு உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் இதெல்லாம் நடந்தது. இந்தப் பக்கம் கட்டுமரம் கரையேறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஆட்டத்துக்குக் குப்பமே விழா எடுத்து வரவேற்றது 2015இல். நடுவில் எழுபத்தொன்பது ஆண்டுகள்.

விழா அறிவிக்கப்பட்டதும் வந்த முதல் கேள்வி, மீன்பிடிக்கிறவர்களுக்குக் கர்நாடக சங்கீதம் எதற்கு என்பது. இரண்டு தரப்பிலிருந்து அது வந்தது. சபாக்காரர்கள் சிலர் நக்கலாகக் கேட்டார்கள். சமூகநீதி பேசுகிறவர்கள் சிலர் கோபமாகக் கேட்டார்கள்: உயர்ந்ததை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ந்தவருக்குக் கொடுக்கும் பழைய பெருந்தன்மைதானே இது? கோபமான கேள்வியில் சாரம் இருக்கிறது. மேடையில் பிரபல வித்துவான் உட்கார்ந்ததும், அவர் குப்பத்துக்கு வந்ததே பெரிய விஷயம் என்று செய்தி எழுதினார்கள். கேட்ட குப்பத்துக்காரர் என்ன நினைத்தார் என்பது கடைசிப் பத்தியில் ஒரு வரி. ஆனாலும் அந்த விழாவில் திருத்தப்பட்டவர்கள் குப்பத்துக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. குப்பம் என்றாலே அழுக்கு, அடிதடி என்று பத்துப் பதினைந்து வருடம் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தும் உள்ளே கால் வைக்காத பெசன்ட் நகர்க்காரர்தான் அன்று முதல் முறையாக அந்தச் சந்துக்குள் நுழைந்தார்; வலை உலரும் வாடையில் உட்கார்ந்து தனக்குப் பழக்கமான ராகத்தைக் கேட்டார். பிலஹரியோ பைரவியோ, அந்த இடத்தில் அது அவருக்குத்தான் புதிதாக இருந்திருக்கும்.

எதிர்த் திசையிலும் ஒரு நடை நடந்தது. மயிலாப்பூரில் கச்சேரிக்கே பழகிய அரங்கு ஒன்றில் பறையாட்டம் நடந்தது. ஓடும் மாநகரப் பேருந்தில் பாடினார்கள். 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிக் கேபர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாட்டு வெளிவந்ததற்கும் இந்தக் கூட்டாளிகளின் பழக்கம்தான் அடிப்படை. சீசனில் இனிப் பாடுவதில்லை என்று கிருஷ்ணா அறிவித்ததும், 2016இல் மகசேசே விருது பெற்றதும் தனிக் கதைகள். அவற்றின் வெளிச்சம் விழாவின் மேல் விழுந்தது. விழா ஒருவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். கூட்டாக நடத்துகிற ஒன்றுக்கு அது நல்லதில்லை.

நீடிப்பு என்று வந்தால் இரண்டுமே தள்ளாடுகின்றன. சங்கமம் கோப்பில் இருக்கிறது. கோப்பை மூடினால் விழா இல்லை. 2011க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் அதுதான் நடந்தது. விழாவை நிறுத்தியதற்காக எந்தப் பேட்டையிலும் யாரும் சாலையில் உட்காரவில்லை. தங்கள் விழா என்று நினைத்திருந்தால் நாலு பேராவது கேட்டிருப்பார்கள். ஊர் அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதை ஒரு வருடம் நிறுத்திப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும். குப்பம் விழா கோப்பில் இல்லை, தன்னார்வலர்களின் மாலை நேரத்தில் இருந்தது. மாலை நேரம் தீர்ந்துபோகும். வேலை மாறும், ஊர் மாறும், பிள்ளை பிறக்கும். அந்த விழாவால் எந்தக் கலைஞரின் வருடப் பிழைப்பும் நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த இரண்டு வழி மட்டும்தானா என்றால் இல்லை. இடதுசாரி எழுத்தாளர், கலைஞர் அமைப்பான தமுஎகச பல ஆண்டுகளாக நடத்திய கலை இரவுகளை நினைத்துக்கொள்ளலாம். கடை கடையாக ஏறி வசூல் செய்து, உண்டியல் குலுக்கி, முச்சந்தியில் மேடை போட்டு விடிய விடிய நடக்கும். பத்து ரூபாய் கொடுத்த டீக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்து உட்காருவார், அவர் விழா அது. கட்சி வாடை அடிக்கிறது என்று ஒதுங்கியவர்களும் உண்டு. 2020 டிசம்பரில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ வேறொரு பதில். கானாவும் ஒப்பாரியும் பாடுகிறவர்களுக்கு, சீசன் நடக்கும் அதே மாதத்தில், அவர்கள் பெயரிலேயே ஒரு மேடை. யாரும் யாருக்கும் எதையும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

சங்கமம், குப்பம் விழா இரண்டுமே போதிய இடம் தராத ஒன்று, அந்தக் கரையில் ஏற்கெனவே இருந்தது. கச்சான், வாடை என்று காற்றுக்கும் வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் குப்பத்தில் பெயர் இருக்கிறது. எந்தக் காற்றில் எந்த மீன், எந்த நீரோட்டத்தில் வலை சிக்கும் என்ற அறிவு இருக்கிறது. படகு இறக்கும் முறை முதல் அடிதடி வழக்கு வரை தீர்த்துவைக்கும் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. ஆடி மாதத்து அம்மன் திருவிழா இருக்கிறது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானா இருக்கிறது. கலை விழா என்றதும் கலைஞரை எங்கிருந்து கூட்டிவருவது என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. காற்றைப் பற்றிப் பேசத் தெரிந்த வயதான மீனவர் ஒருவரை அரைமணி நேரம் பேசவிட்டு, பெசன்ட் நகர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்கவைப்பதும் விழாதான். குப்பம் விழாக்காரர்களுக்கு இந்த யோசனை தூரமில்லை. அவர்களில் பலர் கடலோரப் பிரச்சினைகளுக்காக அந்தக் குப்பத்தோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். சங்கமத்துக்குத்தான் இது வெகு தூரம்.

இரண்டையும் கலந்து ஒன்று செய்துபார்க்க முடியாதா? அடுத்த பொங்கலுக்கு, இத்தனை மேடைகளில் எலியட்ஸ் கடற்கரை மேடையை மட்டும் கொஞ்சம் வடக்கே, குப்பத்துக்கு நகர்த்தலாம். அழைப்பிதழைக் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தின் பெயரில் அச்சடிக்கலாம். மேடை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பறை காய்ச்சும் நெருப்பு எங்கே எரிய வேண்டும், முதலில் யார் பாட வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கலைஞர்களின் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் துறையின் பொறுப்பில் இருக்கட்டும். அதைச் செய்யத் துறையைவிட்டால் ஆளில்லை. ஒரே ஓர் இரவு, ஒரே ஒரு கூத்துக் குழு. ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதே விதிகள், பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்த்திக்கொள்ள மாநில அரசுக்கு இடம் கொடுத்திருக்கின்றன. ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஐந்து மணி நேரம் கிடைக்கும். கட்டியங்காரன் நிதானமாக வந்து பெசன்ட் நகரைக் கேலி செய்யலாம், துரியோதனன் முழுதாகச் சுற்றி ஆடலாம், பாஞ்சாலி சபைக்கு வந்து கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். மிச்சக் கதையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் பங்குனிக்கு மேல் செய்யாறு, வந்தவாசிப் பக்கம் பஸ் ஏறலாம். திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடிய ஆட்டம் உண்டு.